ஆழமில்லாத கடலில் நீர்மூழ்கியின் சத்தத்தைப் பிடிப்பது ஏன் கஷ்டம்? 'காது வரிசை' அங்கே என்ன செய்கிறது?

2010 மார்ச் 26, இரவு ஒன்பதரை மணிக்குச் சற்று முன். தென்கொரியக் கடற்படையின் சியோனான் என்ற போர்க்கப்பல், மஞ்சள் கடலில் பெங்னியாங் தீவுக்குப் பக்கத்தில் ரோந்து போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு வெடிப்பு. கப்பல் இரண்டாக உடைந்தது. அதில் இருந்த 104 பேரில் 46 பேர் உயிரிழந்தார்கள்.

வடகொரியாவின் சிறிய நீர்மூழ்கி ஒன்று ஏவிய டார்பிடோதான் காரணம் என்று, தென்கொரியா தலைமையிலான பன்னாட்டு விசாரணைக் குழு அதே ஆண்டு மே மாதம் அறிவித்தது. வடகொரியா இதை மறுத்து வருகிறது.

அந்த அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும். கடற்படைகளைத் தூங்கவிடாமல் செய்தது வேறொரு கணக்கு. சியோனானின் நீளம் 88 மீட்டர். அதன் பின்பாதி மூழ்கிக் கிடந்த இடத்தில் கடலின் ஆழம் சுமார் 45 மீட்டர்தான். கப்பலைச் செங்குத்தாக நிறுத்தினால் பாதி வெளியே நீட்டிக்கொண்டு தெரியும். இவ்வளவு குறைந்த தண்ணீரில், சோனார் பொருத்திய ஒரு போர்க்கப்பலுக்கு எந்த முன்னெச்சரிக்கையும் கிடைக்கவில்லை.

ஆழம் குறைந்தால் ஒளிந்துகொள்ள இடம் குறையும், கண்டுபிடிப்பது சுலபமாகும் என்றுதான் யாருக்கும் தோணும். ஆனால் கடலுக்கு அடியில் கதை நேர்மாறானது.

கடலுக்குள் ஏன் 'கேட்க' வேண்டும்?

ரேடார் அலைகள் உப்புத் தண்ணீருக்குள் நுழைந்தவுடன் அடங்கிவிடும். வெளிச்சமும் கொஞ்ச தூரம்தான் போகும். தண்ணீருக்குள் வெகுதூரம் பயணிப்பது ஒலி மட்டுமே. காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் போகும் ஒலி, கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அதனால்தான் திமிங்கிலத்தில் இருந்து கடற்படை வரை எல்லோரும் கடலுக்குள் காதை நம்புகிறார்கள்.

அந்தக் காதின் பெயர் ஹைட்ரோஃபோன். தண்ணீருக்குள் வைக்கும் மைக் என்று வைத்துக்கொள்ளலாம். ஒலி வரும்போது தண்ணீரில் ஏற்படும் மிகச் சிறிய அழுத்த மாற்றத்தை அது மின்சார சிக்னலாக மாற்றித் தரும். தானாகச் சத்தம் எழுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும் சோனாரும் உண்டு. ஆனால் சத்தம் போட்டால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது எதிரிக்கும் தெரிந்துவிடும். வாயைத் திறக்காமல் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பதுதான் பாதுகாப்பான வழி.

ஆழ்கடலில் இந்த வழி நன்றாகவே வேலை செய்தது. அமெரிக்கா 1950-களில் இருந்தே கடல்தரையில் ஹைட்ரோஃபோன்களை வரிசையாகப் பதித்து, சோவியத் நீர்மூழ்கிகளை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில் இருந்தே ஒட்டுக்கேட்டது. பனிப்போர் முடிந்த பிறகு கவலை இடம் மாறியது. 1992-ல் அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட கொள்கை ஆவணம், நடுக்கடலை விட்டுக் கரையோரக் கடல் பக்கம் பார்வையைத் திருப்பியது. அங்கே காத்திருந்தவை, பேட்டரியில் ஓசையில்லாமல் நகரும் டீசல்-எலெக்ட்ரிக் நீர்மூழ்கிகள்.

ராமேஸ்வரம் பிரகாரம் மாதிரி ஒரு கடல்

கரையில் இருந்து சுமார் 200 மீட்டர் ஆழம் வரை மெல்லச் சரிந்து போகும் கண்டத்திட்டுப் பகுதியைத்தான் பொதுவாக ஆழமற்ற கடல் என்கிறார்கள். ஒலி பல கிலோமீட்டர் போகக்கூடியது. ஆனால் மேலேயும் கீழேயும் அதற்குக் கிடைப்பது ஒரு இருநூறு மீட்டர் இடைவெளி. சில இடங்களில் வெறும் ஐம்பது.

ராமேஸ்வரம் கோயிலின் நீண்ட பிரகாரத்தைக் கண்முன் கொண்டுவாருங்கள். கல் கூரை, கல் தரை, இரண்டு பக்கமும் தூண்கள். அந்தக் கோடியில் ஒருவர் தவிலை ஒரு தட்டு தட்டினால், இந்தக் கோடியில் நிற்பவருக்கு ஒரே சத்தமாக வராது. நேராக வந்தது, கூரையில் பட்டு வந்தது, தரையில் பட்டு வந்தது, இரண்டிலும் மாறி மாறிப் பட்டு வந்தது என எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து ஒரு முழக்கமாக வந்து சேரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், தட்டியவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று சொல்லவே முடியாது.

ஆழமற்ற கடலும் இப்படி ஒரு பிரகாரம்தான். நீர்ப்பரப்பு கூரை, கடல்தரை தரை. கோயில் கூரையாவது அசையாமல் இருக்கும். இங்கே கூரை அலையாக ஆடிக்கொண்டே இருக்கிறது. தரையோ ஓரிடத்தில் சேறு, ஓரிடத்தில் மணல், ஓரிடத்தில் பாறை. சேறு ஒலியை விழுங்கும், பாறை திருப்பி அடிக்கும். ஒலி இப்படி இரண்டு எல்லைகளுக்கு இடையே முட்டி மோதிப் போகும் விதத்தைக் கணக்காக எழுதி, 1948-ல் வெளியிட்டவர் கெய்ம் பெக்கெரிஸ். அவர் போட்ட எளிய மாதிரி இன்றும் பாடப்புத்தகங்களில் அவர் பெயரிலேயே இருக்கிறது.

வெயிலும் ஆட்டத்தில் சேர்ந்துகொள்ளும். தண்ணீரின் வெப்பநிலை 1 டிகிரி கூடினால் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் கூடும். 1930-களில் அமெரிக்கக் கடற்படை கியூபாவின் குவாண்டனாமோ அருகே சோனாரைச் சோதித்தபோது ஒரு விநோதம் நடந்தது. காலையில் நன்றாக வேலை செய்த கருவி மதியத்துக்கு மேல் மந்தமானது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபரேட்டர்கள் அசந்துவிட்டார்களோ என்று நினைக்கத் தோணும். வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தின் கொலம்பஸ் ஐசலின் காரணத்தைப் பிடித்தார். வெயிலில் மேல்நீர் சூடாகிறது, அதனால் ஒலி கீழ்நோக்கி வளைந்துவிடுகிறது. அடியில் இருக்கும் நீர்மூழ்கி, அந்த வளைவுக்கு அப்பால் இருக்கும் நிழலில் சுகமாக ஒளிந்துகொள்ளலாம். இதற்கு 'பிற்பகல் விளைவு' என்றே பெயர்.

ஒரு காது போதாது, ஏன்?

ஒரே ஒரு ஹைட்ரோஃபோனுக்கு இந்த முழக்கம் கேட்கும். ஆனால் எந்தத் திசை, எவ்வளவு தூரம், எந்த ஆழம் என்று அதனால் சொல்ல முடியாது. இன்னொரு பிரச்னையும் உண்டு. கரையோரக் கடலில் சரக்குக் கப்பல், மீன்பிடி விசைப்படகு, காற்று, அலை, மழை எல்லாம் சேர்ந்து எப்போதும் இரைச்சல்தான். சந்தைக்கடையில் ஒருவர் கிசுகிசுப்பதைக் கேட்பது மாதிரி.

இதற்காகத்தான் பல ஹைட்ரோஃபோன்களை ஒரே கேபிளில் கோத்து வரிசையாக இறக்குகிறார்கள். தேர்வடம் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால் தேர் நகரும். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் பலம் சிதறிப்போகும். ஒரு குறிப்பிட்ட திசையில் இருந்து வரும் ஒலி, வரிசையின் ஒவ்வொரு காதையும் சில மில்லிவினாடி வித்தியாசத்தில் தொடுகிறது. 10 மீட்டர் இடைவெளி என்றால் அதிகபட்சம் 7 மில்லிவினாடிக்கும் குறைவு. இந்தத் தாமதத்தைக் கணினியில் சரிசெய்து கூட்டினால், தேடும் ஒலி மட்டும் ஒரே தாளத்தில் சேரும். இரைச்சல் ஒவ்வொரு காதிலும் வேறு வேறாக இருப்பதால் தங்களுக்குள் பெரும்பாலும் அடித்துக்கொள்ளும். 64 காதுகள் இருந்தால் தேடும் ஒலி 64 மடங்கு வளரும்போது, சிதறிய இரைச்சல் சுமார் 8 மடங்குதான் வளரும். லாபம் எட்டு மடங்கு.

காதுகளை இஷ்டப்பட்ட இடைவெளியில் கட்டிவிட முடியாது. பிடிக்க வேண்டிய ஒலியின் அலைநீளத்தில் பாதிக்கு மேல் இடைவெளி போகக்கூடாது. போனால் தவறான திசையில் 'பேய்' சிக்னல் தெரியும். 100 ஹெர்ட்ஸ் ஒலிக்குக் கடலில் அலைநீளம் 15 மீட்டர், ஆகவே இடைவெளி ஏழரை மீட்டருக்குள். 1,000 ஹெர்ட்ஸ் என்றால் 75 சென்டிமீட்டருக்குள்.

வரிசையைத் தரையில் படுக்கவைத்தால் திசை தெரியும். செங்குத்தாகத் தொங்கவிட்டால் ஆழம் தெரியும். ஆழமற்ற கடலில் உயிர்போகிற கேள்வி இந்த இரண்டாவதுதான். வருவது மேலே போகும் மீன்பிடிப் படகா, கீழே பதுங்கி வரும் நீர்மூழ்கியா?

தொல்லையையே துப்பாக மாற்றிய யோசனை

எதிரொலிகளை வடிகட்டித் தூக்கி எறிவதுதான் வழி என்று தோன்றலாம். சான் டியாகோவில் இருந்த அமெரிக்கக் கடற்படை ஆய்வு மையத்தின் விஞ்ஞானி ஹோமர் பக்கர், 1976-ல் வெளியிட்ட கட்டுரையில் அதற்கு எதிர்ப்பக்கம் போனார். எறிய வேண்டாம், அதுதான் துப்பே என்பது அவர் யோசனை.

மறுபடியும் பிரகாரத்துக்கே போவோம். இப்போது ஒருவர் அல்ல, ஒரே தூணில் தரை முதல் கூரை வரை ஏணி வைத்து இருபது பேர் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்கள். தவில் தரையில் இருந்து ஒலித்தால் இருபது பேருக்கும் ஒரு மாதிரி கேட்கும், சிலருக்கு உரக்க, சிலருக்கு மெதுவாக. கூரைக்குப் பக்கத்தில் இருந்து ஒலித்தால் அந்தப் பட்டியலே மாறும். நூறடி தள்ளிப் போனாலும் மாறும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கைரேகை இருக்கிறது.

கணினி செய்வது இதுதான். கடலின் ஆழம், வெப்பநிலை, தரையின் தன்மை ஆகியவற்றைக் கொடுத்துவிட்டால், 'ஒலி இந்தத் தூரத்தில், இந்த ஆழத்தில் இருந்தால் வரிசையில் எப்படிக் கேட்கும்' என்று ஆயிரக்கணக்கான இடங்களுக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்கும். உண்மையில் பதிவானதை ஒவ்வொன்றோடும் ஒப்பிடும். எது அதிகம் பொருந்துகிறதோ, அதுவே ஒலி இருக்கும் இடம். கைரேகைப் பதிவேட்டை வைத்துத் திருடனைப் பிடிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சொல்வதற்குச் சுலபம். நிஜக் கடலில் நடக்குமா?

1996: 75 நிமிடப் பரிசோதனை

அதைப் பார்க்கத்தான் 1996 மே 10 முதல் 18 வரை, கலிஃபோர்னியாவில் சான் டியாகோவின் பாயின்ட் லோமா முனையில் இருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி ஒரு பரிசோதனை நடந்தது. பெயர் ஸ்வெலெக்ஸ்-96. நடத்தியது ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தின் கடல் இயற்பியல் ஆய்வகம்.

அங்கே நங்கூரமிட்டு நின்ற ஃபிளிப் என்ற மேடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1962-ல் கட்டப்பட்ட, 108 மீட்டர் நீளமுள்ள மிதவை அது. படுத்த நிலையில் இழுத்துக்கொண்டு போவார்கள். ஆய்வு இடம் வந்ததும் பின்பக்கத் தொட்டிகளில் தண்ணீரை நிரப்ப, சுமார் அரை மணி நேரத்தில் அப்படியே செங்குத்தாக எழுந்து நின்றுவிடும். பெரும்பகுதி தண்ணீருக்குள் இருப்பதால் அலைக்கு அசையாது. உள்ளே சுவர் தரையாகும் என்பதால், குளியலறையில் இரண்டு நிலைக்கும் தனித்தனி வாஷ்பேசின்கள் இருந்தன. 2023-ல் ஓய்வு பெற்றது.

சுமார் 216 மீட்டர் ஆழமுள்ள அந்த இடத்தில் செங்குத்து வரிசை ஒன்று, சாய்வு வரிசை ஒன்று, தரையில் கிடைமட்ட வரிசைகள் இரண்டு என நான்கு காது வரிசைகள் காத்திருந்தன. ஸ்பிரவுல் என்ற ஆய்வுக்கப்பல் 5 நாட் வேகத்தில், அதாவது வினாடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில், இரண்டு ஒலிக்கருவிகளை இழுத்துக்கொண்டு போனது. ஒன்று 9 மீட்டர் ஆழத்தில், இன்னொன்று சுமார் 54 மீட்டர் ஆழத்தில். ஒன்று மேலே போகும் கப்பலுக்குப் பதில், மற்றொன்று கீழே பதுங்கும் நீர்மூழ்கிக்குப் பதில் என்று எடுத்துக்கொண்டால், சோதனையின் கேள்வி உடனே புரிந்துவிடும்.

இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தால் குழம்பாதா? அதற்கு ஒரு எளிய தந்திரம் செய்தார்கள். கீழே இருந்த கருவி 49 முதல் 388 ஹெர்ட்ஸ் வரை 13 சுருதிகளை எழுப்பியது. மேலே இருந்தது அவற்றில் ஒன்பதுக்குப் பக்கத்திலேயே, சரியாக 3 ஹெர்ட்ஸ் குறைவாகச் சுருதி சேர்த்தது. கீழே 112 என்றால் மேலே 109. கீழே 388 என்றால் மேலே 385. பக்கத்துப் பக்கத்துச் சுருதி என்பதால் கடல் இரண்டையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடத்தும். ஆகவே பதிவில் தெரியும் வித்தியாசத்துக்குக் காரணம் ஆழம் மட்டுமே. இவை தவிர, ஆழத்துக் கருவி வேண்டுமென்றே மிகச் சன்னமான சில சுருதிகளையும் எழுப்பியது. எவ்வளவு மெல்லிய சத்தம் வரை காது வரிசை பிடிக்கும் என்று பார்க்கத்தான்.

ஒரு ஓட்டம் 75 நிமிடம். ஆய்வாளர்களுக்கு வெளியிடப்பட்ட செங்குத்து வரிசைப் பதிவில் 21 ஹைட்ரோஃபோன்கள். ஒவ்வொன்றும் வினாடிக்கு 1,500 தடவை அளந்தது. கூட்டிப் பார்த்தால் ஒரே ஓட்டத்தில் 14 கோடி எண்கள்.

விடை: பிரித்துச் சொல்ல முடிந்தது. மேலே இருப்பது மேலே என்றும், கீழே இருப்பது கீழே என்றும் வரிசை காட்டியது. இன்னொரு ஓட்டத்தில், பக்கத்தில் உரத்த சத்தத்தோடு வேறொரு கப்பலும் இருந்தது. அந்தப் பதிவு முதலாவதைவிடப் பல மடங்கு கஷ்டமானது, கரையோரக் கடலின் நிஜ முகமும் அதுதான். இந்தப் பதிவுகள் பொதுவில் கிடைப்பதால், புதிய முறை கண்டுபிடிக்கிறவர்கள், இப்போது இயந்திரக் கற்றல் ஆட்கள் உட்பட, முதலில் இதில்தான் உரசிப் பார்க்கிறார்கள். கடலொலித் துறையின் உரைகல் என்றே சொல்லலாம்.

எங்கே சறுக்கும்?

கைரேகைப் பதிவேடு தவறாக இருந்தால் அப்பாவி மாட்டுவார். இங்கேயும் அதேதான். கணக்கில் கடலின் ஆழத்தைத் தவறாகக் கொடுத்தால், கப்பல் இருக்கும் இடத்தை விட்டுத் தள்ளி வேறொரு தூரத்தில் 'தெரியும்', அதுவும் தெளிவாகவே தெரியும். அதுதான் ஆபத்து.

காதுகள் எங்கே இருக்கின்றன என்பதும் துல்லியமாகத் தெரிய வேண்டும். 388 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நான்கு மீட்டருக்கும் குறைவு. நீரோட்டம் கேபிளைத் தள்ளி, ஒரு ஹைட்ரோஃபோன் ஒரு மீட்டர் நகர்ந்தாலே கால்பங்கு அலை தப்பிவிடும். அதனால் வரிசை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையும் தொடர்ந்து அளக்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் சரிசெய்தாலும் கடல் சும்மா இருக்காது. 2006 கோடையில் நியூ ஜெர்சி கரைக்கு அப்பால் நடந்த பெரிய ஆய்வில், வுட்ஸ் ஹோல் நிறுவனம் 'ஷார்க்' என்ற வரிசையை இறக்கியது. செங்குத்தாக 16 காது, தரையில் படுக்கையாக 32 காது, ஆங்கில எல் எழுத்து வடிவம். அங்கே தேடியது கண்ணுக்குத் தெரியாத அலைகளை. மேல்நீர் சூடாகவும் அடிநீர் குளிராகவும் இருக்கும்போது, இரண்டுக்கும் நடுவே தண்ணீருக்குள்ளேயே அலைகள் ஓடும். கடலின் மேற்பரப்பு அமைதியாக இருக்கும்போதே, அவை உள்ளே ஒலியின் பாதையைச் சில நிமிடங்களில் மாற்றிவிடும். போதாக்குறைக்கு எர்னஸ்டோ புயலின் பாதிப்பும் அந்த ஆய்வின்போது வந்து சேர்ந்தது.

நம் கரையில்?

தமிழகக் கரையோரம் இன்னொரு சத்தக்காரர் இருக்கிறார். பிஸ்டல் இறால். சில சென்டிமீட்டர் நீளம்தான். ஒரு கொடுக்கை மின்னல் வேகத்தில் மூட, தண்ணீரில் ஒரு குமிழி உண்டாகி உடைகிறது. சத்தம் வருவது கொடுக்கு இடிப்பதால் அல்ல, குமிழி உடைவதால்தான் என்று 2000-ல் நெதர்லாந்து, ஜெர்மனி ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் காட்டினார்கள். வெப்பமண்டலத்து ஆழமற்ற கடலில் இவை லட்சக்கணக்கில் சேர்ந்து சொடுக்கினால், ஹைட்ரோஃபோனில் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற சத்தம்தான். இரண்டாம் உலகப்போரில் சோனார் ஆபரேட்டர்களைக் குழப்பியதும் இவைதான்.

நல்ல வேளையாக இறாலின் சத்தம் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல். நீர்மூழ்கி இயந்திரத்தின் ரீங்காரம் அதற்குக் கீழே. ஆனால் கத்தாழை, பன்னா என்று மீன் மார்க்கெட்டில் வாங்குகிறோமே, அந்த வகை மீன்கள் காற்றுப்பையை அதிரவைத்துக் கூட்டமாக உறுமும்போது, அது சில நூறு ஹெர்ட்ஸில், இயந்திர ஒலியின் எல்லைக்குள்ளேயே விழும். திசையும் ஆழமும் பிரித்துச் சொல்லும் வரிசை இல்லாமல் இதைச் சமாளிக்க முடியாது.

ஆழத்தைப் பொறுத்தவரை நம் கடல் சான் டியாகோவைவிடக் கறாரானது. பாக் விரிகுடாவில் பல இடங்களில் 10 மீட்டர்கூட இல்லை. இந்தியக் கடற்படை, கரையோர நீர்மூழ்கி வேட்டைக்கென்றே 16 கப்பல்களைக் கட்டச் சொல்லியிருக்கிறது. அவற்றில் முதலாவதான ஐஎன்எஸ் அர்னாலா, சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் 2022 டிசம்பரில் தண்ணீரில் இறக்கப்பட்டு, 2025 ஜூன் 18 அன்று விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்ந்தது. நீளம் சுமார் 77 மீட்டர்.

கப்பல் வாங்கினால் மட்டும் கைரேகைப் பதிவேடு வந்துவிடாது. அது அந்தந்தக் கடலில், அந்தந்தப் பருவத்தில், உட்கார்ந்து அளந்து சேர்க்க வேண்டியது. அந்த வேலையைச் செய்துவருவது, சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம். இந்தியாவின் ஆழமற்ற கடல்களில் செங்குத்து ஹைட்ரோஃபோன் வரிசைகளை இறக்கி, காற்று, மழை, கப்பல், உயிரினம் என எது எவ்வளவு சத்தம் போடுகிறது, அது எந்தக் கோணத்தில் வருகிறது என்று பதிவு செய்கிறார்கள். தூறல் மழைக்கு நீருக்கடியில் தனி அடையாளம் உண்டு. அது 13,000 முதல் 15,000 ஹெர்ட்ஸ் பக்கம் உச்சம் தொடும். ஆகவே நீர்மூழ்கியைத் தேட இறக்கும் அதே வகைக் காது, நடுக்கடலில் மழை பெய்கிறதா என்றும் சொல்லும்.

இந்தக் காதுகள் வடதுருவத்துக்கும் போயிருக்கின்றன. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் உள்ள கோங்ஸ்ஃபியோர்டன் என்ற குறுகிய கடல்நுழைவில், 2014 ஜூலையில் சுமார் 190 மீட்டர் ஆழத்தில் இந்தியா தன் முதல் ஆர்க்டிக் கடலடி ஆய்வு நிலையத்தை நிறுவியது. பின்னர் அதே நுழைவில் ஹைட்ரோஃபோன்களும் இறக்கப்பட்டன. அங்கே இறால் சொடுக்கு இல்லை. கேட்பது, பனிப்பாறை உருகும்போது உள்ளே பல காலமாகச் சிக்கிக் கிடந்த காற்றுக்குமிழிகள் வெடித்து வெளியேறும் சத்தம்.